பேசாத கம்பி

அமெச்சூர் வானொலி அன்பர்களைத் தங்களிற் பலர் அறிந்திருக்கலாம். அரசாங்கத்தின் தேர்வெழுதி, உரிமம் பெற்று, வீட்டின் ஒரு மூலையில் சிறு ஒலிபரப்பியை வைத்துக்கொண்டு, கண்காணாத அன்பரோடு அளவளாவுவோர் அவர்கள். அத்தகையோரில் ஒருவர் என் அண்டை வீட்டுப் பெரியவர்; ஓய்வுபெற்ற இசையாசிரியர்; பிறவியிலேயே பார்வையற்றவர். அவரிடமுள்ளது எஃப்.டி. 817 என்னும் கையடக்கமான ஜப்பானியக் கருவி. அது தான் நிற்கும் அலைவரிசையைக் கண்ணாடித் திரையிற் காட்டுமேயன்றி வாய்விட்டுச் சொல்லாது. நம் நாட்டில் நாற்பது மீட்டர் பட்டையில் அமெச்சூர்களுக்கு உரிய இடம் 7.000 முதல் 7.200 மெகாஹெர்ட்ஸ் வரை. எங்கே நிற்கிறோம் என்று அறியாமல் ஒலிபரப்பினால் எல்லை தாண்டிய குற்றம் வந்து சேரும். ஆகவே, படித்துச் சொல்லிவந்த பேரன் கல்லூரிக்காக வெளியூர் சென்றதும், பெரியவர் ஒலிபரப்பியை மூடி வைத்துவிட்டார். ஏழு மாதம் அது திறக்கப்படவேயில்லை.

அவருடைய கணிப்பொறி லினக்ஸில் இயங்குவது. ஒலிபரப்பியையும் அதனையும் ஒரு கம்பியால் இணைத்துவிட்டால், அலைவரிசையைக் கணிப்பொறி கேட்டறிந்து உரக்கச் சொல்லும். நான் கலைப்பிரிவிற் பட்டம் பெற்றவன், பிழைப்போ மொழிபெயர்ப்பு. ஒரு மொழியைப் பிறிதொரு மொழியிற் சொல்வது போன்ற வேலைதானே என்று துணிந்து ஏற்றுக்கொண்டேன்.

தொடர்வழி இணைப்பு என்பது பழைய முறை. அதன் பெயர்பெற்ற விதியான ஆர்.எஸ். 232 வகுக்கப்பட்டது 1960இல். எழுத்துக்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே கம்பியில் நடந்து செல்லும். போகும் கம்பி ஒன்று, வரும் கம்பி ஒன்று, பொதுவான நிலக்கம்பி ஒன்று, இவ்வளவே. இருபுறமும் ஒரே வேகத்தில் பேச வேண்டும். இன்றைய கணிப்பொறிகளில் அதற்கான பழைய துறை இல்லாமையால், யு.எஸ்.பி. துறைக்கும் அக்கம்பிக்கும் நடுவே ஒரு சில்லு நின்று துபாஷி வேலை பார்க்கிறது.

முதல் மாலை முழுவதும் வீணாயிற்று. ஹாம்லிப் என்னும் இலவச நிரற்தொகுப்பில் ரிக்சிடிஎல் என்று ஒரு கருவியுண்டு. அதனிடம் கருவியின் எண்ணையும் துறையின் பெயரையும் வேகத்தையும் சொல்லவேண்டும். எஃப்.டி. 817க்குப் பழைய குறிப்புகளில் 120 என்றிருக்கும். நான்காம் பதிப்பு முதல் அது 1020. எல்லாம் சொல்லியும், ‘அப்படியொரு துறையே இல்லை’ என்ற விடையே வந்தது. நான் அந்த விடையைச் சரியாகப் படிக்கவில்லை. கம்பியைச் சந்தேகித்தேன், வேகத்தைச் சந்தேகித்தேன், ஒலிபரப்பியின் பதினான்காம் பட்டியலைத் திறந்து 4800 என்றிருந்த வேகத்தை 9600 ஆக்கிப் பார்த்தேன். துறையே இல்லாதபோது வேகத்தை மாற்றுவது, கதவில்லாத சுவரில் சாவியைத் திருப்புவது போன்றதன்றோ?

மறுநாள் டிமெசெக் என்னும் கட்டளையால் கணிப்பொறியின் நாட்குறிப்பைப் படித்தேன். கம்பியைச் செருகியதும், ‘சிஎச் 341 மாற்றி டிடிஒய்யுஎஸ்பி 0 என்ற பெயரில் இணைக்கப்பட்டது’ என்று ஒரு வரி. அடுத்த கணமே, ‘பிஆர்எல்டிடிஒய்’ என்ற பெயரோடு ஒரு வரி. பிறகு, ‘மாற்றி துண்டிக்கப்பட்டது’. பிஆர்எல்டிடிஒய் என்பது பார்வையற்றோர் விரலால் தடவிப் படிக்கும் பிரெய்ல் பலகைக்கான நிரல். ஒருவகைப் பிரெய்ல் பலகையினுள்ளும் இதே சில்லு இருக்கிறது. இரண்டும் 1ஏ86, 7523 என்ற ஒரே அடையாள எண்ணைச் சொல்வதனால், அந்நிரல் எங்கள் கம்பியைப் பிரெய்ல் பலகையென்று மயங்கித் தன்வசப்படுத்திக்கொண்டது.

இதற்குப் பலரும் சொல்லும் மருந்து, அந்நிரலை அடியோடு நீக்கிவிடு என்பதே. ஒரே கட்டளை, அரை நிமிட வேலை. நானும் அதனைத் தட்டெழுதி, இறுதி விசையை அழுத்தப் போனேன். அருகில் பெரியவர் தம் பிரெய்ல் பலகையின் மீது விரல்களை ஓட்டிக்கொண்டிருந்தார். “என்ன தம்பி, நீக்கு என்று எழுதியிருக்கிறீர்களே, எதை நீக்கப் போகிறீர்கள்?” என்று கேட்டார். கண்ணுடைய நான் காணாததை அவர் விரல் கண்டுவிட்டது. அதனை அழுத்தியிருந்தால் அவர் கணிப்பொறியைப் படிக்கும் வழியே அடைபட்டிருக்கும். வெட்கத்தோடு அவ்வரியை அழித்தேன்.

வேறு வழி சற்று நீளம், ஆயினும் செம்மையானது. எந்தச் சாதனம் செருகப்பட்டால் எந்த நிரலை எழுப்புவது என்பதை யூடெவ் விதிக் கோப்புகள் சொல்கின்றன. பிஆர்எல்டிடிஒய்க்குரிய விதிக் கோப்பை ஈடிசி அடைவின் யூடெவ் பகுதிக்கு அதே பெயரில் படியெடுத்தால், மூலத்தை விடுத்துப் படியே செல்லும். அப்படியில், மேற்சொன்ன அடையாள எண் வரும் வரியின் முன் மட்டும் ஒரு குறுக்குக் கட்டக் குறியை இட்டேன். பெரியவரின் பலகைக்கு வேறு எண். ஆதலின் அதற்கு ஊறில்லை. விதிகளை மறுபடி ஏற்றிக் கம்பியைச் செருகினேன். துறை நிலைத்து நின்றது.

அடுத்து வந்தது ‘அனுமதி மறுக்கப்பட்டது’. எளிய காரியம்: பயனரை ‘டயல் அவுட்’ குழுவிற் சேர்த்து, வெளியேறி மீண்டும் நுழைய வேண்டும். தொலைபேசியைச் சுழற்றி இணையத்தை எட்டிய காலத்துப் பெயர் அது. மொழிபெயர்க்க எனக்கு மனம் வரவில்லை. சில லினக்ஸ் வகைகளில் அக்குழுவின் பெயர் வேறு.

பிறகு மௌனம். துறை திறக்கிறது, விடை மட்டும் இல்லை. அரைமணி நேரம் திகைத்த பின்புதான், முதல் நாள் நானே ஒலிபரப்பியில் 9600 என்று மாற்றிவிட்டது நினைவுக்கு வந்தது. கணிப்பொறி 4800இல் கேட்டுக்கொண்டிருந்தது.

ஓர் எச்சரிக்கையை இங்கே சொல்லியாக வேண்டும். லினக்ஸ் தொடர்வழித் துறையைத் திறந்தவுடன் டி.டி.ஆர்., ஆர்.டி.எஸ். என்னும் இரு கம்பிகளையும் உயர்த்திவிடும். வீட்டிற் செய்த இணைப்புகள் சிலவற்றில் ஒலிபரப்பும் விசையை அவற்றுள் ஒன்றோடு பிணைத்திருப்பார்கள். அப்படியாயின், துறை திறந்த கணமே ஒலிபரப்பி தானாக ஒலிபரப்பத் தொடங்கும். முதற் சோதனையின்போது ஆண்டெனாவுக்குப் பதில் டம்மி லோடு மாட்டி வையுங்கள்.

வேகத்தைத் திருத்தியதும், சுழி நான்கும் மூன்றும் கொண்ட ஐந்து எழுத்துக் கேள்வி ஒலிபரப்பிக்குப் போயிற்று. ஐந்தெழுத்தில் விடையும் வந்தது. ரிக்சிடிஎல் 7100000 என்று எழுதிக் காட்டியது. அதனை இஸ்பீக் என்னும் பேசும் நிரலோடு இணைக்கச் சில வரிகள் போதுமாயிருந்தன. “ஏழு புள்ளி ஒன்று” என்றது கணிப்பொறி, சற்று மூக்கடைத்த குரலில். பெரியவர் குமிழைத் திருகினார். “ஏழு புள்ளி ஒன்று ஒன்று” என்றது. மறுபடி திருகினார். பின்னர் என்னை மறந்துவிட்டு, ஒலிவாங்கியை எடுத்துத் தம் அழைப்புக்குறியைச் சொல்லத் தொடங்கினார்.