ஈரல் கெட்டவனெல்லாம் குடிகாரனா?

(வில்லியனூரில் இளைஞர்களும் மாணவர்களும் கூடிய கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் டாக்டர் இல்லை. பாகூர் பக்கத்துச் சேரியில் பிறந்தவன். நோயாளிகளுக்குத் துணையாக ஆஸ்பத்திரி வரிசையில் நின்று கற்றதைத்தான் பேசுகிறேன்.

2009இல் எங்க சித்தப்பா செத்துப்போனார். கரும்பு வெட்டுகிறவர். வயிறு வீங்கி, கால் வீங்கி, ரத்தமாக வாந்தி எடுத்தார். ஆஸ்பத்திரியில் கேட்ட ஒரே கேள்வி: "எவ்வளவு குடிப்பான்?" ஊர்த்தெருவும் அதையேதான் சொன்னது: "குடிச்சுக் கெட்டான்." நாங்களும் நம்பினோம். சித்தி மட்டும், "அவரு நல்ல நாள்லதானடா குடிப்பாரு" என்று அழுதது. யாரும் காதில் வாங்கவில்லை.

பத்து வருஷம் கழித்து, 2019இல், எங்க அக்கா. ஒப்பந்தத் துப்புரவுத் தொழிலாளி. ஆஸ்பத்திரிக் குப்பையை வாரும்போது கையில் ஊசி குத்துவது அதற்குப் புதிதல்ல. ரத்தப் பரிசோதனையில் ஹெபடைடிஸ் சி என்று வந்தது. "எனக்குக் காமாலையே வரலையேடா" என்றது.

அங்கேதான் சூது இருக்கிறது. தண்ணீரில் வரும் ஏ, ஈ வகைக் காமாலை வேறு. சி வைரஸ் ரத்தத்தின் வழியாக வருவது. பெரும்பாலும் கண் மஞ்சளாகாது, வலிக்காது. 1989இல்தான் இந்த வைரஸையே கண்டுபிடித்தார்கள். தொற்றியவர்களில் பத்துக்கு ஏழு பேருக்கு உடம்பிலேயே தங்கிவிடுகிறது. அவர்களில் நூற்றுக்குப் பதினைந்து முதல் முப்பது பேருக்கு இருபது வருஷத்துக்குள் ஈரல் சுருங்குகிறது. சாராயம் சேர்ந்தால் இன்னும் சீக்கிரம். கீழாநெல்லி இந்த வைரஸை அகற்றாது. கொதிக்கவைக்காத ஊசி, பரிசோதிக்காத ரத்தம், பச்சை குத்தும் ஊசி, ஒருவர் மழித்த பிளேடில் இன்னொருவர் மழிப்பது எல்லாம் இது வரும் வழிகள்.

தொட்டால் வராது. ஒரே தட்டில் தின்றால் வராது. ஆனால் நம்ம சேரியிலேயே அக்காவுக்குத் தனித் தம்ளர் வைத்தார்கள் தோழர்களே! டீக்கடை இரட்டைக் குவளையை எதிர்த்து நின்ற அதே தெருவில். தீண்டாமை நம் கைக்குள்ளேயும் வந்து உட்கார்ந்திருக்கிறது என்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மருந்தின் கதையைக் கேளுங்கள். முன்பு இன்டர்பெரான் ஊசியும் ரிபாவிரின் மாத்திரையும் 24 வாரம், 48 வாரம். காய்ச்சல், சோர்வு, மனச்சோர்வு, ரத்தமும் குறையும். செலவு லட்சக்கணக்கில். அப்படியும் ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான் குணம். 2013 டிசம்பரில் சோஃபோஸ்புவிர் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. கிலியட் கம்பெனி வைத்த விலை 84 நாளைக்கு 84,000 டாலர். ஒரு மாத்திரை ஆயிரம் டாலர். அதே மருந்தை 68 முதல் 136 டாலருக்குள் தயாரிக்க முடியும் என்று ஆண்ட்ரூ ஹில் குழுவினர் 2014இல் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். மிச்சமெல்லாம் யாருடைய உயிருக்கு வைத்த விலை? இந்தியாவில் நோயாளிகள் அமைப்புகள் காப்புரிமையை எதிர்த்து வழக்காடின. 2015 ஜனவரியில் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. 2016 மே மாதம் காப்புரிமை கொடுத்துவிட்டார்கள். இதற்கிடையில் 2014 செப்டம்பரிலேயே இந்தியக் கம்பெனிகளுக்கு உரிமம் தரப்பட்டதால் இங்கே விலை இறங்கியது.

2018 ஜூலை 28இல் தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் வந்தது. பரிசோதனையும் மாத்திரையும் இலவசம். ஈரல் சுருங்காதவர்களுக்கு சோஃபோஸ்புவிர், டக்லடாஸ்விர் 12 வாரம். சுருங்கியிருந்தால் டக்லடாஸ்விருக்குப் பதில் வெல்படாஸ்விர். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் குணமாகிறது.

அக்கா 84 நாளும் விடாமல் சாப்பிட்டது. முடித்துப் பன்னிரண்டு வாரம் கழித்துப் பார்த்த சோதனையில் வைரஸ் இல்லை. ஆனால் மாத்திரைதான் இலவசம்; பஸ்ஸுக்குக் காசும், போன நாளெல்லாம் வெட்டப்பட்ட கூலியும் யார் தருவது?

சில விஷயங்களை மனசில் வையுங்கள். முதல் சோதனை எதிரணுவைப் பார்ப்பது. குணமானாலும் அது 'உண்டு' என்றே காட்டும். அதை வைத்து வேலைக்குத் தகுதியில்லை என்று யாராவது சொன்னால் ஆர்.என்.ஏ. சோதனையைக் காட்டிச் சண்டை போடுங்கள். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் சாப்பிடுகிறவர்கள் டாக்டரிடம் சொல்லியாக வேண்டும்; அது இந்த மருந்தின் வேலையைக் கெடுக்கும். மருந்து தொடங்குமுன் பி வைரஸுக்கும் சோதனை அவசியம். குணமானவருக்கு மறுபடியும் தொற்றலாம். பி-க்குத் தடுப்பூசி உண்டு, சி-க்குக் கிடையாது.

நாம் கேட்க வேண்டியது மூன்று. ஈரல் நோய் என்று வருகிற ஒவ்வொருவருக்கும், குடிப்பவரோ குடிக்காதவரோ, பி, சி சோதனை. வில்லியனூர், பாகூர் கொம்யூன்களின் சுகாதார நிலையங்களிலேயே அதற்கான வசதி. துப்புரவுத் தொழிலாளருக்குக் கனத்த கையுறை, தடுப்பூசி, ஊசி குத்தினால் சம்பளத்தோடு சிகிச்சை.

அயோத்திதாசப் பண்டிதர் சித்த மருத்துவர். மருத்துவம் நமக்கு அந்நிய அறிவு அல்ல. சித்தப்பாவுக்கு இந்த வைரஸ் இருந்ததா என்று எனக்குத் தெரியாது. யாரும் சோதிக்கவே இல்லை. ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்ப்பதற்கு முன்னால் அவர் சாதியைப் பார்த்துத் தீர்ப்பு எழுதிவிட்டார்கள். இன்னொருவருக்கு அப்படி எழுத விடாதீர்கள்.