எங்கே நிற்பது, யாரிடம் சொல்வது?

(முன்னாள் மாணவியர் சந்திப்பில் ஆற்றிய உரை)



'சேவையின் மேன்மை' பற்றிப் பேசச் சொன்னார்கள். அதை எனக்கு முன்னால் பேசியவர்கள் நன்றாகவே பேசிவிட்டார்கள். நான் கொஞ்சம் கசப்பான விஷயம் பேசப் போகிறேன். நம்மில் ஒருத்தி எல்லை தாண்டி வைத்தியம் பார்த்தால், நாம் சொல்ல வேண்டுமா, கூடாதா?

பொன்னமராவதிப் பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான் வேலை பார்த்த காலம். எனக்கு இரண்டு வருஷம் ஜூனியர் ஒருத்தி, முறையாகப் பதிவு செய்த நர்ஸ், அங்கே ஒரு நர்சிங் ஹோமில் இருந்தாள். டியூட்டி முடிந்ததும் வீடு வீடாகப் போவாள். காய்ச்சலுக்கு ஊசி, குளுக்கோஸ் பாட்டில், பிரசவம் இழுத்தால் வலி ஊசி. கொன்னையூர் பூச்சொரிதலுக்குப் போனால் 'டாக்டரம்மா' என்று நாலு பேர் கும்பிடுவார்கள். "ஏன்டி இப்படிப் பண்றே?" என்று ஒரு தடவை கேட்டேன். "அக்கா, ராத்திரி பன்னெண்டு மணிக்கு அங்க யாரு வர்றா? நான் போனாத்தான் உண்டு" என்றாள். அது பொய்யில்லை. எனக்குப் பதில் வரவில்லை. இரண்டு வருஷம் பேசாமல் இருந்தேன்.

1998-இல் ஒரு வீட்டில் வலி ஊசியைப் பாட்டிலில் கலந்து ஏற்றினாள். முதல் பிரசவம் சிசேரியன் ஆன பெண். கர்ப்பப்பை கிழிந்துவிட்டது. 108 வண்டியெல்லாம் 2008-இல்தானே வந்தது? வாடகைக் காரில், ஏறத்தாழ 40 கிலோமீட்டர், புதுக்கோட்டை பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். தாய் பிழைத்தாள், கர்ப்பப்பை போயிற்று. குழந்தை இல்லை.

மாணவிகள் இதைக் கவனிக்க வேண்டும். அதே ஆக்சிடோசினைக் குழந்தை பிறந்த ஒரு நிமிஷத்துக்குள், 10 யூனிட், தசையில் போடுவது நம் வேலைதான். ரத்தப்போக்கைத் தடுக்க அதைப் போடலாம் என்று 2010-இல் மத்திய அரசு கிராம சுகாதார செவிலியருக்கே வழிகாட்டி கொடுத்தது. பிரசவ நேர வலிப்புக்கு மெக்னீசியம் சல்பேட் முதல் டோஸ் போட்டு மேலே அனுப்பவும் அதில் இடம் உண்டு. ஆகவே 'நர்ஸ் ஊசி போட்டாள்' என்பது மட்டும் குற்றமாகாது. என்ன மருந்து, எந்த நேரத்தில், யார் உத்தரவில் என்பதுதான் கேள்வி. இது தெரியாமல் எழுதும் புகார் நல்ல நர்ஸைத்தான் கெடுக்கும்.

நான் புகார் எழுதினேன். விசாரணை வந்தது, அவள் வேலை போயிற்று. கடைசியாகப் பார்த்தபோது அவள் சொன்னாள்: "அக்கா, டாக்டர் ஊருக்குப் போற நாளெல்லாம் அங்க நாந்தானே பிரசவம் பார்த்தேன்? போனில் சொல்வார், நான் ஏத்துவேன். வீட்டுல செஞ்சா மட்டும் தப்பா?" எனக்கு அதுவும் முன்பே தெரியும். ஆனால் என் புகாரில் அவள் பெயர் மட்டும்தான் இருந்தது. அந்த நர்சிங் ஹோம் பெயரை எழுதவில்லை. பயம்தான், வேறென்ன சொல்ல?

பயத்துக்குக் காரணமே இல்லை என்று சொல்ல மாட்டேன். அமெரிக்காவில், டெக்சாஸின் விங்க்லர் கவுண்டியில், 2009-இல் இரண்டு நர்ஸ்கள் ஒரு டாக்டரைப் பற்றிப் பெயர் போடாமல் மருத்துவ வாரியத்துக்கு எழுதினார்கள். கண்டுபிடித்து, அவர்கள் மேலேயே வழக்குப் போட்டார்கள், வேலையும் போயிற்று. ஒருவர் மேலிருந்த வழக்கைக் கைவிட்டார்கள். மற்றவரை 2010-இல் ஜூரி விடுதலை செய்தது.

நர்ஸின் பதிவு சம்பந்தமாக என்றால், 1926-ஆம் வருஷச் சட்டத்தின்கீழ் வந்த சென்னை நர்சிங் கவுன்சில் இருக்கிறது. ஆஸ்பத்திரி சம்பந்தமாக என்றால் மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநர். நர்ஸைத் தன் இடத்தில் உட்கார வைத்த டாக்டர் என்றால் மருத்துவக் கவுன்சில். டாக்டராகப் பதிவு பெறாமல் வைத்தியம் செய்தால் 2019-ஆம் வருஷச் சட்டப்படி ஓராண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். தேதி, நேரம், மருந்து, கண்ணால் பார்த்தது, இவற்றை மட்டும் எழுதுங்கள். யார் சொல்லிச் செய்தார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

முகவரிகள் வேண்டுமென்றால் சாப்பாட்டு இடைவேளையில் வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.