சம்பளமில்லாத மாலை வேலை
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இசையும் நாடகமும் காத்திருக்கும் மேடையில் கட்டடங்களைப் பற்றிப் பேச எங்களை அழைத்தது செயலாளரின் துணிவு என்றே சொல்லவேண்டும். நாங்கள் நால்வர்; தொழிலால் கட்டடக் கலைஞர்கள்; மூவர் இம் மாதுங்காவிலேயே வளர்ந்தவர்கள். அலுவல் முடிந்தபின் இந்தியக் கட்டடக் கலைஞர் கழகத்துக்காக இயன்றதைச் செய்து வருகிறோம். "அதுக்கு என்ன சம்பளம்?" என்று மாடி வீட்டு மாமி கேட்டார். ஒன்றுமில்லை என்றோம். "பின்னே எதுக்கு?" என்றார். அன்று விடை சொல்ல வரவில்லை, இன்று முயல்கிறோம்.

இக்கழகம் பிறந்தது இந்நகரில்தான். 1917-ஆம் ஆண்டில் சர் ஜே. ஜே. கலைப் பள்ளியின் பழைய மாணவர்கள் கூடி ஒரு சங்கம் கண்டனர். கேட்வே ஆஃப் இந்தியாவுக்கு வரைபடம் தந்த ஜார்ஜ் விட்டெட் அதன் முதல் தலைவர். அது 1929-இல் நாடு முழுவதற்குமான கழகமாயிற்று. 1937 நவம்பரில் நகர மண்டபத்தில் 'இலட்சிய இல்லம்' என்னும் கண்காட்சியை நடத்தி, நல்ல வீடு எப்படி இருக்கலாம் என்பதைப் பொதுமக்களுக்குக் காட்டியது. பிறகு 1972-ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. பெயரைப் பதிவு செய்வதும் ஒழுக்க விதிகளைக் காப்பதும் அச்சட்டம் அமைத்த கவுன்சிலின் வேலை. கழகமோ விரும்பிச் சேர்ந்தோரின் கூட்டம். நம் சங்கத்தைப் போலவே, அங்கும் நாற்காலி போடுவது முதல் மலர் அச்சிடுவது வரை யாராவது தம் மாலைப் பொழுதைக் கொடுத்தால்தான் நடக்கும்.

இனிச் சொல்லப்போவது எங்கள் குறை. சில ஆண்டுகளுக்கு முன், இங்கிருந்து சற்றுத் தொலைவிலுள்ள ஒரு பழைய கட்டடத்துக் குடித்தனக்காரர்கள் எங்களுக்குக் கடிதம் எழுதினார்கள். ஜன்னலுக்கு மேலுள்ள சஜ்ஜாவில் விரிசல்; வந்து பார்ப்பீர்களா என்பது வேண்டுகோள். நாங்களோ வாதத்தில் இறங்கினோம். அக்கட்டடத்துக்கு ஏற்கனவே ஒரு கட்டடக் கலைஞர் இருந்தால் அவர் வேலையில் கை வைத்ததாகுமே. இனாமாக யோசனை சொன்னால் தொழில் செய்து பிழைப்பவர் வயிற்றில் அடிப்பதாகுமே! அற்ப வாதம் என்று தள்ள முடியாது. எங்கள் ஒழுக்க விதிகளே ஒருவர் வேலையை மற்றவர் பறிக்கலாகாது என்கின்றன. ஆனால் வாதத்திலேயே மூன்று வாரம் போயிற்று. ஆவணியில் ஒரு விடியற்காலை சஜ்ஜாவின் ஒரு துண்டு விழுந்தது. கீழே இட்லி விற்பவர் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தார். அவர் பாத்திரம் நசுங்கியதோடு போயிற்று. கடிதம் அன்றும் எங்கள் பையிலேயே இருந்தது.

அதன்பின் ஒரு முறை வகுத்துக்கொண்டோம். கடிதம் வந்தால் இரண்டு நாளுக்குள் போய்ப் பார்ப்பது. வரைபடம் போடுவதில்லை, ஒப்பந்தக்காரர் பெயர் சொல்வதில்லை, கண்டதைக் கண்டபடி எழுதிக் கொடுத்து, யாரிடம் போகவேண்டும் என்று சொல்வதோடு சரி. நம் ஊரில் முப்பது ஆண்டு கடந்த கட்டடத்துக்குப் பதிவு பெற்ற கட்டமைப்புப் பொறியாளரின் சான்று வேண்டும் என்பது மாநகராட்சிச் சட்டம். அச்சான்றை நாங்கள் தர இயலாது. இதனால் சிலருக்கு எங்கள் மீது மனத்தாங்கல். "நம்ம பிள்ளைகள், ஒரு பிளான் போட்டுத் தரக்கூடாதா?" என்ற பெரியவர் ஒருவர் இன்றும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அவர் இந்த அவையிலும் இருக்கலாம்.

பார்க்கும்போது என்ன பார்க்கிறோம்? கான்கிரீட்டின் உள்ளே இரும்புக் கம்பி இருக்கிறது. கடற்காற்றின் உப்பும் மழை ஈரமும் உள்ளே இறங்கினால் கம்பி துருப்பிடிக்கும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும்; அந்த நெருக்கத்தில் கான்கிரீட் பிளந்து உதிரும். கம்பியின் போக்கிலேயே ஓடும் விரிசல், பழுப்பு நிறக் கறை, சிறு சுத்தியால் தட்டினால் எழும் பொள்ளல் ஓசை ஆகியவையே அடையாளம். மேலே புதுப் பூச்சு அடித்தால் கறை மறையும், துரு மறையாது. பால்கனியை அடைத்து அறையாக்கி, தரையில் மேலும் ஓர் அடுக்கு ஓடு பதித்து, தண்ணீர்த் தொட்டியும் வைப்பது, நீட்டி நிற்கும் பலகைக்கு அது எண்ணாத சுமை.

இவற்றை முதலில் காண்பவர்கள் பெண்மணிகளே. எந்த மூலையில் சுவர் ஓதம் காத்தது, எந்த மழையில் தொடங்கியது என்று அவர்கள் தேதியோடு சொல்வார்கள். கட்டடக் கமிட்டிக் கூட்டங்களிலோ அவர்கள் குரலையே கேட்பதில்லை!

வரும் ஞாயிறு காலை எட்டு மணிக்குச் சங்கக் கூடத்தில் இருப்போம். பழைய பிளான் இருந்தால் கொண்டு வாருங்கள், இல்லாவிட்டாலும் வாருங்கள். சுத்தி எங்களிடம் இருக்கிறது, ஏணிதான் இல்லை.