நள்ளிரவில் தீவைத் தொட்டுப் போகும் கப்பல்
(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் பேசியது)

போன வருஷம் வெளிநாடு போய் வந்ததைப் பற்றிப் பேசும்படி நம் செயலாளர் கேட்டார். ஊர் ஊராகச் சொல்ல ஆரம்பித்தால் நீங்கள் எழுந்து போய்விடுவீர்கள். அதனால் ஒரே ஒரு ராத்திரியைப் பற்றிச் சொல்கிறேன்.

சுவீடனின் தலைநகர் ஸ்டாக்ஹோம், பின்லாந்தின் தலைநகர் ஹெல்சிங்கி. நடுவில் பால்டிக் கடல். மாலை ஐந்து மணிக்குள் கப்பல் ஏறினால், தூங்கி எழுந்து மறுநாள் காலை பத்து மணி சுமாருக்கு அக்கரையில் இறங்கலாம். ஏதோ படகு என்று நினைத்துவிடாதீர்கள். நாங்கள் போன சில்யா லைன் கப்பலில் 2,800 பேர் வரை போகலாம். கீழே காரும் லாரியும் நிற்கும் தளம். மேலே கப்பலின் நடுவில் ஒரு கடைவீதி. சில அறைகளின் ஜன்னல் அந்த வீதியைப் பார்த்தபடி இருக்கும். முதல் சில மணி நேரம் கப்பல் ஆயிரக்கணக்கான குட்டித் தீவுகளுக்கு நடுவே ஊர்ந்து போகிறது. அந்த அழகை நான் சொல்லி முடியாது, விட்டுவிடுகிறேன்.

டிக்கெட் விலைதான் எனக்கு இடித்தது. அறையோடு சேர்த்து, முதல் நாள் தங்கிய ஓட்டல் வாடகையைவிடக் குறைவு. எப்படிக் கட்டுப்படியாகும்? லெட்ஜர் புரட்டியே தலை நரைத்தவன், சும்மா இருப்பேனா?

விடை நள்ளிரவை ஒட்டிக் கிடைத்தது. மாரியஹாம் என்ற சின்ன ஊரில் கப்பல் நின்றது. இறங்கியவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். சில நிமிஷத்தில் மறுபடி கிளம்பிவிட்டது. அந்த ஊர் ஓலந்து தீவுகளின் தலைநகர். தீவுகள் பின்லாந்துக்குச் சொந்தம், பேச்சு சுவீடிஷ். 1995-ல் பின்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தபோது, மதிப்புக் கூட்டு வரி, கலால் வரி எல்லைக்கு வெளியே நிற்க ஓலந்து தனி உரிமை எழுதி வாங்கிக்கொண்டது. 1999 ஜூலை 1 முதல் ஒன்றிய நாடுகளுக்குள் ஓடும் கப்பல்களில் வரியில்லா விற்பனை நின்றுபோனது. ஆனால் வழியில் ஓலந்தைத் தொட்டுவிட்டால், வரி எல்லையைத் தாண்டிப் போய்வந்த கணக்கு! கடையைத் தொடர்ந்து நடத்தலாம்.

சுவீடன், பின்லாந்து இரண்டிலும் மது விற்பது பெரும்பாலும் அரசுக் கடையில்தான். (சிரிக்காதீர்கள், அங்கேயும் அப்படித்தான்.) வரியும் கடுமை. அதனால் கப்பல் கடையில் கூட்டம் நெரிகிறது. மாரியஹாமைத் தொட்டுவிட்டு ஏறிய இடத்திலேயே வந்து இறங்குவதற்கென்றே ஏறுகிறவர்களும் உண்டு. டிக்கெட்டில் விட்டதைக் கடையிலும் சாப்பாட்டிலும் பிடித்துவிடுகிறார்கள்.

கணக்குப் புரிந்தது. ஆனாலும் தூக்கம் வரவில்லை. காரணம், இதே கடலில் போன இன்னொரு கப்பல்.

1994 செப்டம்பர் 28 அதிகாலை. தாலினிலிருந்து ஸ்டாக்ஹோமுக்கு 989 பேரோடு போய்க்கொண்டிருந்தது 'எஸ்டோனியா'. கடும் புயல். வண்டிகள் ஏற வசதியாகக் கப்பலின் மூக்கே மேலே தூக்கித் திறக்கிற மாதிரி செய்திருந்தார்கள். அலை அடித்த அடியில் அதன் பூட்டுகள் உடைந்தன. விழுந்த மூக்கு, பின்னால் இருந்த சாய்வுப் பாலத்தையும் இழுத்துத் திறந்துவிட்டது. வண்டித் தளத்தில் தண்ணீர் புகுந்தது. லாரி ஓட வேண்டுமே, அதனால் அங்கே குறுக்குச் சுவர் கிடையாது. தாம்பாளத்தில் தண்ணீர் வைத்துத் தூக்கிப் பாருங்கள். கொஞ்சம் சாய்ந்தால் மொத்தமும் அந்தப் பக்கமே ஓடும். கப்பலை ஓட்டும் இடத்திலிருந்து பார்த்தால் அந்த மூக்கு தெரியாது. மூன்று நாடுகளின் கூட்டு விசாரணை 1997-ல் சொன்னது இது. ஒரு மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்தது. 852 பேர் போய்விட்டார்கள். பிழைத்தவர்கள் 137 பேர்.

கப்பல் சாயச் சாய நடைபாதையில் நிற்க முடியவில்லை, படியில் ஏற முடியவில்லை. முதல் சில நிமிஷத்தில் மேல்தளத்துக்கு ஓடியவர்களுக்குத்தான் வழி இருந்தது. பிறகு 1996-ல் வட ஐரோப்பிய நாடுகள் கூடி, வண்டித் தளத்தில் தண்ணீர் புகுந்தாலும் கப்பல் கவிழாமல் நிற்க வேண்டும் என்று விதியைக் கடுமையாக்கின.

எங்கள் அறைக் கதவின் பின்னால் வெளியேறும் வழி காட்டும் படம் ஒட்டியிருந்தது. வீட்டம்மா சிரித்தாலும் பரவாயில்லை என்று கதவுகளை எண்ணிக்கொண்டே படிக்கட்டு வரை போய் வந்தேன். பதினோரு கதவுகள். படிக்கட்டில் ஒரு செருப்புகூட இல்லை.

நம் பி பிளாக் இரண்டாம் மாடிப் படிக்கட்டில் ஒரு பழைய கட்டிலும் இரண்டு சைக்கிளும் நிற்கின்றன. யாருடையது என்று நான் கேட்கப் போவதில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு நானும் வாட்ச்மேனும் கீழே இறக்கப்போகிறோம். கட்டில் கனமாக இருக்கிறது. இளவட்டங்கள் யாராவது ஒரு கை கொடுங்கள்.