சிரிப்பினுள் நின்ற சாவு



மாணவர் எழுதும் சிறுகதைகளில் ஒரு குறை அடிக்கடி தென்படும். முற்பகுதி கலகலப்பாக நடக்கும். பிற்பகுதியில் எதிர்பாராமல் ஒருவர் இறப்பார். இரண்டையும் இணைக்கும் பாலம் இராது. அப்பாலத்தை எவ்வாறு அமைப்பது என்பதற்கு, தக்கேஷி கித்தானோ எழுதி, இயக்கி, நடித்த 'சொனட்டீன்' (1993) என்னும் ஜப்பானியக் குற்றத் திரைப்படத்தைச் சான்றாகக் கொள்கிறேன். கித்தானோ, இருவர் நின்று பேசும் 'மன்சாய்' மேடை நகைச்சுவையால் புகழ்பெற்றவர் என்பதை நினைவிற்கொள்க.

தோக்கியோ யாக்குசா கும்பலைச் சேர்ந்த முரகாவா, தன் தொழிலில் சலிப்புற்றவன். ஒக்கினாவாவில் மூண்ட பூசலைத் தீர்த்துவருமாறு அவனை மேலிடம் அனுப்புகிறது. அங்கே அவனுடைய ஆட்கள் சிலர் கொல்லப்படுகின்றனர். எஞ்சியோர் கடலோர வீடொன்றில் பதுங்குகின்றனர்.

பதுங்கியவர்கள் சிறுவர்களாகிவிடுகிறார்கள். காகிதச் சுமோ பொம்மைகளை மோதவிடுகிறார்கள். பின்னர்த் தாமே அப்பொம்மைகளைப்போல் மணலில் மற்போரிடுகிறார்கள். குழிபறித்து மூடி, பிறரை விழச்செய்து நகைக்கிறார்கள். இரவில் வாணவெடிகளால் போர்தொடுக்கிறார்கள். நாமும் சிரிக்கிறோம்.

ஆயினும் கூர்ந்து நோக்குங்கள். வாணவெடிப் போரில் முரகாவா மெய்யான துப்பாக்கியால் சுடுகிறான். மற்றொரு நாள் கைத்துப்பாக்கியைத் தன் தலையில் வைத்து, புன்னகையுடன் விசையை இழுக்கிறான், உள்ளே குண்டில்லை. பிறகொரு பகலில், தட்டெறிந்து விளையாடும் கென் என்ற இளைஞனை, மீனவன்போல் வந்தவன் சுட்டு வீழ்த்துகிறான். விளையாட்டு அத்துடன் முடிகிறது. படத்தின் இறுதியில் முரகாவா மீண்டும் தன் தலையில் துப்பாக்கியை வைக்கிறான். இம்முறை குண்டு இருக்கிறது.

தொல்காப்பியர் எண்வகை மெய்ப்பாடுகளுள் நகையையும் அச்சத்தையும் தனித்தனியே எண்ணினார். அவ்விரண்டும் ஒரே காட்சியில் உடனுறையலாம் என்பதை இப்படம் காட்டுகிறது. முதலில் வெறும் விளையாட்டாகத் தோன்றிய செயலே முடிவில் மெய்யாகிறது. பாலம் என்பது அதுவே.

வன்முறை மிகுந்த இப்படம் வகுப்பறையில் திரையிட ஏற்றதன்று. எனினும் அதன் பாடம் வகுப்பறைக்கு உரியது. மாணவர்களே, உங்கள் கதையின் முடிவில் ஒருவன் இறப்பானாயின், அவன் முதற்பக்கத்தில் எதைக் கையில் வைத்து விளையாடினான் என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். விடை கிடைத்த பின்னரே எழுதத் தொடங்குங்கள்.