கணவனுக்கு ஒரு நாடு, மனைவிக்கு ஒரு நாடா?

(வழக்கறிஞர்களும் ஆசிரியர்களும் கமக்காரர்களும் கூடிய கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



பெண்ணை மணமுடித்துக் கொடுக்குமுன் நம் பெரியவர்கள் மாப்பிள்ளையின் குணத்தை விசாரிப்பார்கள், தொழிலை விசாரிப்பார்கள், காணி பூமியை விசாரிப்பார்கள். மலையகத்திலோ ஒரு தலைமுறைக் காலம் இவையனைத்துக்கும் முன்னதாக வேறொரு விசாரணை நிகழ்ந்தது. பையன் இந்தியாவா, இலங்கையா என்பதே அவ்விசாரணை. இருவரும் ஒரே தோட்டத்திற் பிறந்தவர்; ஒரே கோயில் திருவிழாவிற் காவடி கண்டவர்; கடலையே கண்டறியாதவர். ஆயினும் கடலுக்கு அப்பால் ஒருவரும் இப்பால் ஒருவருமாக அவர்களைக் கடதாசி பிரித்து வைத்திருந்தது. அரசியல் மாறுந்தோறும் கணவன் மனைவியரின் வாழ்வு எவ்வாறு ஊசலாடியது என்பதையே இன்று சிந்திக்க விரும்புகின்றோம்.

சட்டம் புகுந்த வீடு

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் வம்சாவளியை அடிப்படையாகக் கொண்டது. இந்நாட்டிற் பிறந்தால் மட்டும் போதாது. தந்தையும், அல்லது பாட்டனும் முப்பாட்டனும், இந்நாட்டிற் பிறந்தமையை நிறுவவேண்டும் என்றது. பிறப்புப் பதிவே அரிதாயிருந்த காலத்து மக்களிடம் முப்பாட்டனின் பிறப்புச் சான்று கேட்கப்பட்டது! கேட்ட அமைச்சர்களுள் எத்தனை பேர் தம் முப்பாட்டனார் பிறந்தமைக்குச் சான்று காட்டியிருப்பர் என்று அன்றே பலர் வினவினர்.

அடுத்து 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டம் வந்தது. 1946 சனவரி முதலாந் திகதிக்கு முன் மணமானவர் 7 ஆண்டும், மணமாகாதவர் 10 ஆண்டும் இடையறாது இந்நாட்டில் வதிந்திருக்கவேண்டும் என அது விதித்தது. கணவன் வதிந்தால் மாத்திரம் போதாது. மனைவியும் இளம் பிள்ளைகளும் இடையறாது இங்கு வதிந்தமையும் காட்டப்படல் வேண்டும். நமது வழக்கம் யாது? தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீடு செல்வது. தாய்வீடு திருச்சியிலோ புதுக்கோட்டையிலோ இருந்து, சென்றவள் நாள்பட அங்கே தங்கிவிட்டால், அதுவே கணவனின் விண்ணப்பத்துக்கு இடையூறாயிற்று. தாய்மையைக் குற்றமாகக் கொண்ட சட்டம் இதுவென்றால் மிகையாகாது. ஏறக்குறைய 8 இலட்சத்து 25 ஆயிரம் பேருக்காக விண்ணப்பங்கள் சென்றன. 1964 வரையிற் பதிவு பெற்றவர் ஏறத்தாழ 1 இலட்சத்து 34 ஆயிரம் பேரே.

ஏழுக்கு நான்கு

1964 ஒக்டோபர் 30ஆந் திகதி சிறிமாவோ அம்மையாரும் சாஸ்திரி அவர்களும் ஒப்பந்தத்திற் கையொப்பமிட்டனர். நாடற்றோர் 9 இலட்சத்து 75 ஆயிரம் எனக் கணக்கிடப்பட்டனர். 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு. 3 இலட்சம் பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1 இலட்சத்து 50 ஆயிரம் பேரைப் பின்னர் பார்த்துக்கொள்வோம் என்றனர். அந்த மிச்சத்தை 1974இல் இரு பிரதமர்களும் 75 ஆயிரம் 75 ஆயிரமாகச் சரிபாதியாக்கினர். சந்தையில் நெல்லைப் பங்கிடும் கமக்காரன்கூட விதைநெல்லைத் தனியே எடுத்து வைத்துவிட்டே பங்கிடுவான். இங்கு விதையென்றும் பதரென்றும் பாராமல் மனிதர் பங்கிடப்பட்டனர். பங்கிடப்பட்டவரை ஒரு வார்த்தை கேட்டாரில்லை.

இந்த ஒப்பந்தத்தின் எண்கள் 7க்கு 4 என்னும் விகிதத்தில் அமைந்தன. 7 பேர் இந்தியாவின் கணக்கிற் சேர்ந்தால் 4 பேருக்கு இலங்கைப் பிரசாவுரிமை. 1967ஆம் ஆண்டு டட்லி சேனநாயக்கா அரசு இயற்றிய அமுலாக்கச் சட்டம், இந்தியா பிரசாவுரிமை வழங்கினாலே அக்கணக்கிற் கொள்ளலாம் என்றது. 1970இல் ஆட்சி மாறியது. 1971இல் அச்சட்டம் திருத்தப்பட்டு, அவர்கள் உண்மையாகவே கப்பலேறிச் சென்ற பின்னரே கணக்கு என்றாயிற்று. இதன் பொருளைச் சற்று எண்ணிப் பாருங்கள். ஒரு லயத்திலே அடுத்தடுத்த இரண்டு காம்பராக்களில் இரு குடும்பங்கள். ஒரு குடும்பம் சுமை கட்டிப் புறப்பட்டாலன்றி மறு குடும்பத்துக்கு நாடு கிடையாது. அயலவன் போகவேண்டுமென்று அயலவனே ஏங்கும் நிலையை ஒரு விகிதம் உண்டாக்கிற்று. இதைவிடக் கொடிய பிரிவினை வேறுண்டோ?

ஒரு தம்பதியர்

உதாரணத்துக்கு ஒரு குடும்பத்தை மனக்கண்முன் நிறுத்துவோம். விண்ணப்பத்திலே குடும்பத் தலைவனோடு மனைவியும் வயதுவராத பிள்ளைகளும் அடங்குவர். வயதுவந்த பிள்ளைகள் தனித்தனியே விண்ணப்பித்தனர். தலவாக்கலைப் பக்கத்துத் தந்தை ஒருவர், முதுமையிற் பிறந்த மண்ணிற் கண்மூட விரும்பி, இந்தியாவென எழுதினார். 17 வயது மகனின் பெயரும் அந்தக் கடதாசியிற் சேர்ந்தது. மஸ்கெலியாப் பக்கத்தில் வேறொரு தந்தை இலங்கையென எழுதினார். அவர் மகளின் பெயர் அதிற் சேர்ந்தது. ஐந்தாறு ஆண்டு கழித்து அவ்விருவரும் கணவன் மனைவியாயினர். கைக்குழந்தையும் உண்டு. கணவனின் இந்தியக் கடவுச்சீட்டு வந்து சேர்ந்து, வதிவிட அனுமதிக்குக் காலக்கெடுவும் குறிக்கப்பட்டுவிட்டது. இப்பொழுது அவள் என் செய்வாள்? கணவனோடு சென்றால் தாயையும் தம்பியரையும் இழப்பாள். இருந்தால் கணவனை இழப்பாள்.

இது ஓர் உதாரணமே. ஆயினும் இதுபோன்ற பிரிவுகளைக் கண்ட மக்கள், தலைமன்னாரை நோக்கி ஓடிய புகையிரதத்துக்கு "ஒப்பாரிக் கோச்சி" என்று பெயரிட்டார்கள். இழவு வீட்டின் ஓலத்தையே புகையிரத மேடையிற் கேட்டதனால் அப்பெயர் பிறந்தது.

பின்னர் நிகழ்ந்தவை

1977ஆம் ஆண்டின் வன்செயலுக்குப் பின் பல தோட்டக் குடும்பங்கள் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் வந்து குடியேறின. கொழுந்து பறித்த கைகள் காடு வெட்டிக் கமம் செய்தன. அங்கேயும் உத்தரவுக் காணி கேட்டால் முதற் கேள்வி பிரசாவுரிமையே. 1983இன் பேரழிவுக்குப் பின், 1984இல் தலைமன்னார்க் கப்பற் சேவை நின்றது. இந்தியக் கடவுச்சீட்டைப் பெற்றும் போக இயலாதவர் இங்கே தங்கினர். உயிருக்கஞ்சிப் படகேறியோர் அங்கே அகதிகளாயினர். 1986, 1988ஆம் ஆண்டுச் சட்டங்கள் கதவைச் சிறிது திறந்தன. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமே அதனை அகலத் திறந்தது. 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கு வதிந்த இந்திய வம்சாவளியினரும் அவர்தம் சந்ததியாரும் பிரசைகளாயினர். இந்தியக் கடவுச்சீட்டை வைத்துக்கொண்டு இங்கேயே இருந்தவர்க்கும் பிரகடனமொன்றின் மூலம் வழி பிறந்தது. 1948இலிருந்து அதுவரை 55 ஆண்டுகள்! ஓர் ஆயுட்காலம் காத்திருந்து பெற்ற உரிமை அது. அதே ஆண்டில் வேறொரு திருத்தமும் வந்தது. அதற்கு முன் தந்தை வழியாக மாத்திரமே பிள்ளைக்குப் பிரசாவுரிமை வந்தது. அதன்பின் தாய்வழியும் செல்லும் என்றாயிற்று. அந்நியநாட்டாரை மணந்த நம் பெண்களின் பிள்ளைகள் அதுவரை தாயின் நாட்டிலேயே அந்நியராயிருந்தனர் என்பதை மறத்தலாகாது.

தமிழ்நாட்டு முகாம்களிலே இந்தக் கேள்வி வேறு வடிவிற் தொடர்ந்து வந்துள்ளது. 2004 டிசம்பர் 3க்குப் பின் அங்கே பிறந்த பிள்ளை இந்தியப் பிரசையாக வேண்டுமாயின், பெற்றோருள் ஒருவர் இந்தியப் பிரசையாயிருந்தால் மாத்திரம் போதாது. மற்றவர் சட்டவிரோதமாகப் புகுந்தவராயிருத்தலுமாகாது என்பது இந்தியச் சட்டம். கடவுச்சீட்டின்றிப் படகேறியவரை அவ்வகையிலே எண்ணி வந்துள்ளனர். ஆகவே இந்தியக் கணவனுக்கும் அகதி மனைவிக்கும் பிறந்த மழலை, தந்தையின் நாட்டிலும் கேள்விக்குறி. 2019ஆம் ஆண்டின் இந்தியத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வங்காளதேசம் ஆகிய மூன்று நாட்டு அகதிகளைக் குறித்தது, இலங்கையைக் குறிக்கவில்லை.

நாம் செய்யவேண்டியது

குடும்பத்தை ஓர் அலகாகக் கொள்க என்பதே நாம் இரு அரசுகளிடமும் வேண்டுவது. பிரசாவுரிமையை ஆளுக்காள் எண்ணலாம். இல்லறத்தை அவ்வாறு எண்ண முடியாது. கணவனும் மனைவியும் ஒரே நாட்டில் வாழும் வழியை முன்னரே வகுக்காத எந்த உடன்படிக்கையும் நீதியான உடன்படிக்கையாகாது. ஆட்சி மாறினாலும் முன்னைய ஆட்சி கொடுத்த வாக்கு மாறலாகாது என்பது இரண்டாவது. 1967இன் சட்டத்தை நம்பி மணம் பேசியவர்கள் 1971இல் தவித்தார்கள். அப்படியொரு தவிப்பு இனி எக்குடும்பத்துக்கும் வரலாகாது.

அரசுகளை நோக்கிப் பேசுவது எளிது. நம்மை நோக்கியும் சில சொல்லவேண்டும். இக்கூட்டத்திலுள்ள வழக்கறிஞர்கள் மாதத்தில் ஒருநாளையேனும் பத்திரங்களைச் சரிசெய்து கொடுக்க ஒதுக்குவார்களா? விவாகப் பதிவில் ஒரு பெயரும் பிறப்புப் பதிவில் வேறொரு பெயருமாக இருக்கும் ஏழைக்கு ஓர் சத்தியக் கடதாசி எவ்வளவு பெறுமதியுடையது என்பதை அவர்களே நன்கறிவர். ஆசிரியர்கள் பாடசாலை இடாப்புகளைப் பேணவேண்டும். இன்னார் இன்ன ஆண்டில் இங்கிருந்தார் என்பதற்கு அவ்விடாப்பே பல சமயங்களிற் கடைசிச் சான்று. கமக்காரர்களே, உங்கள் அயலில் வந்து குடியேறிய குடும்பத்துக்காகக் கச்சேரி வாசலிற் சாட்சி சொல்ல நேர்ந்தால் தயங்காதீர்கள். கடலுக்கு அப்பால் பிறந்த பேரப்பிள்ளைகள் இருப்பின், அப்பிறப்பை இலங்கைத் தூதரகத்திற் பதியுமாறு எழுதுங்கள். ஓராண்டுக்குள் பதிதல் எளிது. காலம் கடப்பின் சிக்கல் வளரும்.

கோவைப் பக்கத்திலோ நீலகிரியிலோ கொழுந்து பறிக்கும் மூதாட்டி ஒருத்தி இன்னமும் தன் தங்கையின் கடிதத்துக்காகக் காத்திருத்தல் கூடும். அத்தங்கை பதுளையில் இருப்பாள். அவர்களை அன்று பிரித்த எண்களை இன்று யாரும் நினைப்பதில்லை, அவ்விருவரும் மறந்ததில்லை. இனியொரு வீட்டை எண்கள் பிரியாதிருக்க நாம் விழித்திருப்போமாக.