துதியும் விலையும்
(நன்கொடையாளர் ஸ்தோத்திரக் கூடுகையில் மருத்துவமனை ஆயர் அளித்த செய்தி)



நம்மில் பலர் ஒருவரையொருவர் காணும்போது 'பிரெய்ஸ் த லார்ட்' என்று வாழ்த்துகிறோம். 'பிரெய்ஸ்' என்றால் துதி என்பது ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். அந்தச் சொல் பிறந்த இடத்தைச் சற்றே தியானிப்போம்.

லத்தீன் மொழியில் 'பிரெத்தியும்' என்றொரு சொல் உண்டு. விலை, மதிப்பு என்பது அதன் பொருள். அதிலிருந்து பிறந்த வினைச்சொல் பழைய பிரெஞ்சு மொழியில் விலை மதிப்பதற்கும் வழங்கிற்று, புகழ்வதற்கும் வழங்கிற்று. 1066-ல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பின்பு, பிரெஞ்சுச் சொற்கள் ஏராளமாய் ஆங்கிலத்தில் புகுந்தன. இதுவும் அவ்வாறே வந்தது. அதற்குமுன் ஆங்கிலேயர் துதியை 'லோஃப்' என்றனர். ஜெர்மானியர் இன்றும் 'லோப்' என்கிறார்கள். விலையைக் குறிக்கும் 'பிரைஸ்', அருமையானதைக் குறிக்கும் 'பிரெஷ்யஸ்' ஆகியவையும் அதே வேரின் கிளைகளே.

ஆங்கிலத்திலும் முற்காலத்தில் 'பிரெய்ஸ்' என்பது பண்டத்துக்கு விலை மதிப்பதையும் குறித்தது. பின்னர் அந்த வேலை 'அப்ரெய்ஸ்' என்ற சொல்லுக்குப் போயிற்று. தமிழிலோ நகைக்கும் மதிப்பு, மனிதருக்கும் மதிப்பு என்று ஒரே சொல்லைத்தான் வைத்திருக்கிறோம்.

ஆங்கிலத்தில் விலையும் புகழும் பிரிந்துவிட்டன. நம் உள்ளத்தில் பிரிந்தனவா? பெருந்தொகை தந்தவர் பெயரைக் கல்லில் பொறிக்கிறோம். ஞாயிறுதோறும் பத்து ரூபாய் போடும் தாயின் பெயர் நமக்குத் தெரியுமா? இரண்டு காசு போட்ட விதவையை ஆண்டவர் கண்டபோது, அவரும் கணக்குப் பார்த்தார். ஆனால் அவள் கொடுத்தது எவ்வளவு என்று பார்க்கவில்லை. கொடுத்தபின் கையில் என்ன மீந்தது என்று பார்த்தார்.

வார்டில் கட்டணம் கட்ட வழியில்லாத நோயாளி, டாக்டர் வரும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். தமக்கு மதிப்பில்லை என்று எண்ணுகிறார். உங்கள் காணிக்கையால் அவருக்கு மருந்து கிடைக்கும்போது, "நீரும் அருமையானவர்" என்று நீங்கள் அவரிடம் சொல்லுகிறீர்கள். அவரைப் படைத்தவருக்கு அதுவே உண்மையான துதி.

இனி 'பிரெய்ஸ் த லார்ட்' என்று சொல்லும்போதெல்லாம், நாம் குறைவாய் மதித்த ஒருவரையாவது நினைத்துக்கொள்வோமாக. ஆமென்.